விடிந்தால் தரைதட்டும் வண்டி

அந்த வண்டியைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள் என்று பின்னால் தெருவில் ஒரு பேச்சு கிளம்பியது. அது பொய். ஓட்டிக்கொண்டுதான் வந்தார்கள். நான் மாடிப்படியில் நின்று பார்த்தேன். மத்தியான வெயிலில், கறுப்பாக, நீளமாக, சத்தமே இல்லாமல் தெருமுனை வேகத்தடையில் ஏறி இறங்கி வந்தது. ஏறி இறங்கியது என்று பழக்கத்தில் சொல்கிறேன். சக்கரங்கள்தான் ஏறி இறங்கின. வண்டி பாட்டுக்கு மிதந்து வந்தது. ஓட்டி வந்தவர் பல்லக்கா.

பல்லக்கா எனக்கு வீட்டுக்காரம்மா. கீழே அவர்கள், மாடியில் ஒற்றை அறையில் நான். பல் டாக்டர்கள் அளவெடுத்து அனுப்புகிற வாய்களுக்கெல்லாம் பல்செட் செய்து கொடுப்பது அவர் தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. மேசை நிறைய பிளாஸ்டர் மாவைக் குழைத்து மாவுக்கல்லாக வார்த்த தாடைகள், மெழுகு, ஸ்பிரிட் விளக்கு, குட்டிச் சாணை மோட்டார், ஈறு நிறத்தில் ஒரு பொடி. அந்தப் பொடியில் ஊற்றுகிற திரவத்தின் நெடி மாடிவரைக்கும் வரும். கல்யாணத்துக்கு முன்னால் மருந்துக் கம்பெனி வேன் ஓட்டியவர் என்பது அன்றைக்குத்தான் தெருவுக்குத் தெரிந்தது.

பெரிய பணக்காரர்கள் வைத்திருந்த ரகம் அந்த வண்டி. கதவின் உட்பக்கம் நிஜ மரம். சீட்டு நிஜத் தோல். ஆனால் வயசாகிவிட்டது. இந்த ரக வண்டிக்கு வயசானால் வாங்க ஆள் கிடைக்காது; ஒரு தடவை ரிப்பேருக்கு விட்டால் வண்டியின் விலையே அதில் போய்விடும். அதனால் அதை விற்ற வக்கீல், தள்ளிவிட்டால் போதும் என்று ஒரு பழைய ஸ்கூட்டர் விலைக்குக் கொடுத்துவிட்டார். தெரு அன்று சாயங்காலமே அதற்குப் பெயர் வைத்தது. பல்லக்காவின் வண்டி பல்லக்கு ஆயிற்று.

நான் பேக்கரியில் அடுப்பில் நிற்கிறவன். விடியுமுன் கிளம்பிவிடுவேன். மறுநாள் படியிறங்கும்போது வண்டி உட்கார்ந்திருந்தது. டயரில் காற்று இருந்தது. வண்டிதான் வயிறு தரையில் படுகிற மாதிரி தாழ்ந்து, சக்கரங்கள் பாதிவரை உள்ளே போய், கழுநீர் குடித்த எருமை மாதிரி அசையாமல் கிடந்தது. மத்தியானம் நான் திரும்பி வந்தபோது பல்லக்கா சாவியைத் திருகிக்கொண்டிருந்தார். அடியில் எங்கேயோ ஒரு சின்ன மோட்டார் முனகியது. வண்டி, முழங்காலில் கையூன்றி எழுந்திருக்கிறவரைப் போல, முதலில் பின்பக்கமும் அப்புறம் முன்பக்கமுமாக எழுந்து நின்றது. நானும் பல்லக்காவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"இதுல ஸ்பிரிங்கே கெடையாது தம்பி. காத்து மேலதான் நிக்குது," என்றார்.

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது கவலையில்லை. புதுசாக ஒரு வாயைத் திறந்து பார்க்கிறவரின் முகம்.

எதற்கு இந்த வண்டி என்பதுதான் தெருவுக்குப் புரியவில்லை. வீடு இருந்த நிலை அப்படி. பல்லக்காவின் கணவர் பெயின்டர். சுவர் பெயின்டர் இல்லை. தண்ணீர்த் தொட்டி, புகைபோக்கி, செல்போன் கோபுரம் என்று கயிற்றில் தொங்கி வண்ணம் அடிக்கிறவர். போன வருஷம் ஒரு தொட்டியிலிருந்து விழுந்தார். இடுப்பும் முதுகெலும்பும் போயின. ஆஸ்பத்திரியிலிருந்து டாக்சியில் கூட்டிவந்தபோது ஒவ்வொரு பள்ளத்துக்கும் அவர் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அன்றைக்குக் கட்டிலில் படுத்தவர்தான். அறைக்குள் சுவரைப் பிடித்து நாலடி நடப்பார். வாசலைத் தாண்ட மாட்டார். தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் எலும்பு டாக்டரிடம் காட்டினால் ஆபரேஷன் செய்து சரிபண்ணலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மூன்று மணி நேரப் பயணம். அவர் முடியாது என்றால் முடியாதுதான்.

அவருடைய அக்கா, அதாவது பல்லக்காவின் நாத்தனார், எங்கள் ஊர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவர். வாரம் தவறாமல் தம்பியைப் பார்க்க வருவார். வாசலில் வண்டியைப் பார்த்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. குடும்பம் இருக்கிற இருப்பில் ஊர் சிரிக்க ஒரு பல்லக்கு வேண்டியிருக்கிறதா என்று கேட்டார். பல்லக்கா ஒரு தாடையில் மெழுகு வைத்துக்கொண்டிருந்தார். நிமிராமல், டீ குடிக்கிறீர்களா அண்ணி என்று மட்டும் கேட்டார்.

கார் மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். முன்மூடியைத் திறந்து, துக்க வீட்டில் முகம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி மெல்ல மூடிவிட்டுப் போனார்கள். கடைசியில் பல்லக்காவே ஒரு யோசனை பண்ணினார். பஸ்ஸும் லாரியும் காற்றில்தானே பிரேக் பிடிக்கின்றன? லாரி ஷெட்டில் போய், காற்று பிரேக் மட்டுமே பார்க்கிற ஒருவரைப் பிடித்துக்கொண்டு வந்தார். ஒல்லியான ஆள். எப்போதும் ஒரு பக்கமாகக் காதைச் சாய்த்துக்கொண்டு நிற்பார். காத்துக்காரர் என்றுதான் ஷெட்டிலும் பெயர்.

காத்துக்காரர் வண்டிக்கு அடியில் படுத்து வெகுநேரம் வெளியே வரவில்லை. வந்தபோது, பஸ்ஸில் இருக்கிறதுதான் இதிலும் இருக்கிறது, ஆனால் பொம்மை சைஸில் இருக்கிறது என்றார். மூலைக்கு ஒரு ரப்பர் பை. பைக்குள் காற்று. காற்றை அனுப்ப ஒரு குட்டி மோட்டார். எந்த மூலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல, மூலைக்கு ஒரு விரல் நீளக் கை. ஒரு மூலை தாழ்ந்தால் மற்ற மூலைகளையும் தாழ்த்தி வண்டியே தன்னைச் சமம் பண்ணிக்கொள்கிறது. ஆகவே எந்தப் பையில் ஓட்டை என்று சாய்வை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. இவ்வளவையும் சொல்லிவிட்டு, எனக்கு இது புதுசு, தப்பு பண்ணினாலும் பண்ணுவேன் என்றார். பல்லக்காவுக்கு அவரைப் பிடித்துப்போனது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

தப்பும் பண்ணினார். முன்பக்கத்துப் பை ஒன்று பழசாகத் தெரிகிறது என்று அதை மாற்றினார். பழைய வண்டிகளைப் பிரித்து விற்கிற இடத்துக்கு நாங்கள் மூவரும் போய்ப் புழுதியில் தேடி எடுத்து வந்த பை. மறுநாள் விடியலில் வண்டி வழக்கம்போல உட்கார்ந்திருந்தது. அடுத்து, ஓட்டையை ஈடுகட்ட ஓடி ஓடி அந்தக் குட்டி மோட்டாரும் கருகிவிட்டது. அதற்கும் ஒரு தடவை அந்தப் புழுதிக்குப் போனோம்.

மத்தியானத்துக்குமேல் எனக்கு வேலையில்லை. ஸ்பானர் எடுத்துக் கொடுக்க, ஜாக்கியை மிதிக்க என்று நானும் அவர்களோடு ஒட்டிக்கொண்டேன். வேடிக்கை பார்க்கிற ஆசைதான். பின்சீட்டைக் கழற்றியபோது காய்ந்த ஆரஞ்சு விதைகளும் எந்தப் பூட்டுக்கென்று தெரியாத ஒரு சாவியும் கிடைத்தன. பல்லக்கா விதைகளை உள்ளங்கையில் வைத்து, யாரோ குழந்தைதான், பெரியவர்களாக இருந்தால் ஜன்னலுக்கு வெளியே துப்பியிருப்பார்கள் என்றார். அப்படி எதையும் விட மாட்டார். ஒரு திருகாணி ஏன் இடப்பக்கமாகத் திரும்புகிறது என்று கேட்டு ஒரு முழு மத்தியானத்தையும் போக்கடித்திருக்கிறார்.

அந்த நாட்களில்தான் அவர் என்னை வண்டியில் உட்காரவைத்து ஊரைச் சுற்ற ஆரம்பித்தார். பின்சீட்டில் ஒரு தகர டப்பா. அதற்குள் மாவுக்கல் தாடைகள். பேசாமல் வா, டப்பாவைக் கேள் என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வேண்டுமென்றே மோசமான தெருக்களாகப் பார்த்து ஓட்டினார். ஒரு பெரிய பள்ளத்தில், வலது பின்சக்கரம் இறங்கியபோது, டப்பாவுக்குள் தாடைகள் கடகடவென்று மோதிக்கொண்டன. பல்லக்கா வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

"அன்னிக்கு மழையில வக்கீல் என்னை வீட்டுல எறக்கிவிட்டார். மடியில இதே டப்பா. பஸ்ல வந்தா வழியெல்லாம் பல்லு ஒண்ணோட ஒண்ணு அடிச்சிக்கும், ஆட்டோல கேக்கவே வேணாம். ரெண்டு மூணு ஒடைஞ்சும் இருக்கு. அன்னிக்கு வீடு வர்ற வரைக்கும் சத்தமே இல்ல. தெருமுனைல ஏறி எறங்கினப்பவும் இல்ல. டப்பாவத் தெறந்து பாத்தேன், பல்லெல்லாம் வெச்ச எடத்துலயே இருந்துச்சு."

பின்சீட்டு டப்பாவைத் திரும்பிப் பார்த்து, "மாவுக்கல்லு ஒடையாம போற வண்டில எலும்பு போகாதா?" என்றார்.

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. வண்டி சரியாகும்வரை கணவரிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். முதலிலேயே சொன்னால் முடியாது என்பார், ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அப்புறம் அதையே பிடித்துக்கொள்வார் என்றார்.

பெயின்டர் அண்ணனுக்குத் தினமும் நான் ஒரு சூடான பன் கொண்டுவந்து கொடுப்பது வழக்கம். அவருடைய கட்டில் ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தது. வண்டி நிற்பது அந்த ஜன்னலுக்கு நேர் வெளியே. படுத்திருக்கிறவருக்கு அதன் கூரை மட்டும் தெரியும். அந்த வாரத்தில் ஒருநாள் பன்னைப் பிட்டுக்கொண்டே கேட்டார்.

"தம்பி, அவ பல்லு டப்பாவ வெச்சுக்கிட்டு எங்க போறா?"

டாக்டரிடம் கொடுக்கத்தான் என்றேன்.

"குடுக்கப் போனா போறப்ப கனமா போகும், வர்றப்ப லேசா வரும். இது அதே கனத்துல திரும்பி வருது. அவ கீழ வெக்கிற சத்தத்துலயே தெரியுதே."

நான் பன் சுற்றிவந்த காகிதத்தை மடித்தேன்.

"என்னை ஏத்தறதுக்கா?"

ஆமாண்ணே என்றேன். வேறென்ன சொல்ல முடியும். மிச்சப் பன்னைத் தட்டில் வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அதன்பிறகு கொஞ்ச நாள் யாரோடும் பேசவில்லை. பல்லக்கா என்னைத் திட்டவில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்கும் என்று தான் நினைத்ததுதான் பைத்தியக்காரத்தனம் என்றார். ஆனால் மனசு வேலையில் இல்லை. அன்றைக்கு ஒரு பல்லைத் தலைகீழாக வைத்துவிட்டு மறுபடி உருக்கி எடுத்தார்.

பிறகு ஒரு சாயங்காலம், காத்துக்காரர் வாசலில் டீ குடித்துக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து பெயின்டர் குரல் கொடுத்தார். நாங்கள் மூவரும் போனோம். ஜன்னல் கம்பியில் பென்சிலால் கோடுகள் போட்டிருந்தன. ஒன்று மேலே, ஒன்று அதற்கு இரண்டு விரல் கீழே, இன்னொன்று இன்னும் கீழே.

"உன் வண்டி ராத்திரி முழுக்க ஒரே மாதிரி எறங்கல," என்று மனைவியைப் பார்த்துச் சொன்னார். "நீ நிறுத்தறப்ப கூரை இந்தக் கோட்டுல இருக்கு. நீ உள்ள வந்து கை கழுவி டீ போடறதுக்குள்ள இந்த ரெண்டாவது கோட்டுக்கு வந்துடுது. அதுக்கப்புறம் அவசரமே இல்ல. விடியறதுக்குள்ள மெதுவா மூணாவது கோடு. ஓட்டை ஒண்ணுன்னா ஒரே மாதிரிதான எறங்கணும்?"

காத்துக்காரர் டீ கிளாசைத் தரையில் வைத்தார். காதைச் சாய்த்தார்.

"ரெண்டு ஓட்டைங்கறீங்க."

"ஒருத்தன் அவசரக்காரன். இன்னொருத்தன் நிதானக்காரன். அவசரக்காரன் ஏன் பாதியில நிறுத்திடறான்? அதான் எனக்குப் புரியல."

அந்தக் கேள்வி காத்துக்காரரை அன்றைக்கு வீட்டுக்குப் போகவிடவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் குழாய்போலச் சுருட்டி, ஒரு முனையை மடித்து, இழுத்தும் தளர்த்தியும் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று துண்டை உதறினார். மடிப்பில் இருக்கிறது என்றார். பை உயரமாக நிற்கும்போது மடிப்பு விரிந்து விரிசல் வாயைத் திறக்கிறது. கொஞ்சம் தாழ்ந்ததும் மடிப்பே விரிசலை மூடிக்கொள்கிறது. இத்தனை நாளும் வண்டி உட்கார்ந்த பிறகு சோப்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூடின வாயில் எப்படிக் குமிழி வரும்?

வண்டியை உச்சத்துக்கு எழுப்பி, இறங்குவதற்குள் அவசர அவசரமாகச் சோப்பு நுரை பூசினோம். பல்லக்கா மெழுகுத்தூள் தட்டுகிற மெல்லிய பிரஷ்ஷோடு அடியில் படுத்தார். வலது பின்பையின் மடிப்பில், கோழிக்குஞ்சுக் கண் சைஸில், குமிழிகள் வரிசையாகக் கிளம்பின. டார்ச் வெளிச்சத்தில் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் காலைப் பிடித்து இழுத்த பிறகுதான் வெளியே வந்தார். நிதானக்காரன் வேறிடத்தில் இருந்தான்: காற்றுக்குழாயின் மூட்டில், நைந்துபோன ஒரு ரப்பர் வளையத்தில்.

உள்ளே போய்ச் சொன்னபோது பெயின்டர், எந்தப் பக்கம், என்ன நிறத்தில் பை, மடிப்பு எத்தனை என்று கேட்டுக்கொண்டே போனார். பல்லக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து கிரீஸ் படிந்த கறுப்புக் கையோடே காற்றில் வரைந்து காட்டினார். விழுந்ததிலிருந்து அவர் எதைப் பற்றியும் இவ்வளவு கேட்டதில்லை.

அடுத்த புதன்கிழமை காலையில், தம்பியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக, நாத்தனார் ஆம்புலன்சோடு வந்து இறங்கினார். ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்து, லீவு போட்டு, மாற்றுத்துணிகூட எடுத்து வந்திருந்தார். அன்றைக்கு எனக்கு வாராந்திர விடுமுறை. பல்லக்காவின் வண்டி பின்சக்கரம் கழன்று செங்கல் மேல் நின்றுகொண்டிருந்தது. இரண்டு பேர் ஸ்ட்ரெச்சரைக் கட்டில்வரை கொண்டுபோய்விட்டார்கள். பெயின்டர் அதைத் தொட்டுப் பார்த்தார். பட்டையை இழுத்துப் பார்த்தார். பிறகு கையை எடுத்துக்கொண்டார்.

"இதுல படுத்தா எனக்கு என்னக்கா தெரியும்? தகரக் கூரைதான் தெரியும்."

"உனக்கு என்ன தெரியணும்? போய்ச் சேரணும், அவ்வளவுதான?"

"வழி தெரியணும். எங்க பள்ளம் வருதுன்னு தெரிஞ்சா பல்லக் கடிச்சிக்கலாம். படுத்துக்கிட்டுக் கூரையப் பாத்துக்கிட்டு எப்ப விழும் எப்ப விழும்னு என்னால போக முடியாது. நான் விழுந்ததே மல்லாக்கதான்."

அவர் விழுந்ததைப் பற்றிப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வந்தவர்கள் டீ குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். நாத்தனார் வாசலுக்கு வந்து, வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வந்த பல்லக்காவைப் பார்த்தார்.

"உன் ஆராய்ச்சிக்கு என் தம்பிதான் கெடச்சானா?"

பல்லக்கா எழுந்து நின்றார். முழங்கைவரை கிரீஸ்.

"அண்ணி, அவர் ஆம்புலன்ஸ்ல ஏறியிருந்தா இந்த வண்டிய இன்னிக்கே எடைக்குப் போட்டிருப்பேன். ஏறலையே. எனக்குத் தெரிஞ்சது ஒடைஞ்சதப் பிரிச்சுப் பாக்கறதுதான். அவரப் பிரிச்சுப் பாக்க முடியாது. இதப் பாக்கறேன்."

நாத்தனார் படியில் உட்கார்ந்தார். வெகுநேரம் கழித்து, அது என்ன ஈறு மாதிரி இருக்கிறது என்று கேட்டார். சக்கரம் கழன்ற இடத்துக்குள் விரல் நீளத்தில் ரோஸ் நிறமாக ஒன்று தெரிந்தது. முந்தின நாள் பழைய பையைக் கழற்றும்போது, உயரம் பார்த்துச் சொல்கிற அந்தக் கை முறிந்துவிட்டிருந்தது. வண்டி பிரிக்கிற அந்தப் புழுதியிலும் அது கிடைக்கவில்லை. பல்லக்கா முறிந்த துண்டுகளை ஒட்டி, அச்செடுத்து, நடுவில் கம்பி வைத்து, பல்செட்டுக்கு வார்க்கிற பொடியிலேயே வார்த்துவிட்டார். முதலில் வார்த்தது விரிசல் விட்டது. இரண்டாவதில் கம்பியை முறுக்கி வைத்தார். ஈறு நிறப் பொடி மட்டும்தான் கையில் இருந்ததால் கறுப்பு வண்டிக்கு ரோஸ் கை. நாத்தனார் அதைக் கேட்டுவிட்டு முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் சிரித்ததை நான் பார்த்தேன்.

புதுப் பையும் புது வளையமும் போட்ட பிறகு வந்த விடியலில் நான் படியிறங்கியபோது வண்டி நின்றுகொண்டிருந்தது. நேற்றுச் சாயங்காலம் எப்படி நின்றதோ அப்படியே. ஜன்னலுக்குள்ளிருந்து மெதுவாக, "மொதக் கோட்டுலயே நிக்குது தம்பி," என்று குரல் வந்தது. அவர் தூங்கவே இல்லையா, இல்லை அப்போதுதான் விழித்தாரா, தெரியவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய நாளில் பேக்கரியில் ஆள் மாற்றிவிட்டு நானும் போனேன். பெயின்டரை மர நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கிவந்து பின்சீட்டில் சாய்த்தோம். முதுகுக்கு மூன்று தலையணை. கால்மாட்டில் நாத்தனார், தம்பியின் பாதங்களை மடியில் வைத்துக்கொண்டு. முன்னால் நான். காத்துக்காரர் ஜன்னல் வழியாகக் குனிந்து, மீட்டரில் விளக்கு எது எரிந்தாலும் நிறுத்திவிட்டு எனக்குப் போன் பண்ணு என்று பத்தாவது தடவையாகச் சொன்னார்.

தெருமுனை வேகத்தடை வந்தது. பெயின்டர் கதவின் மேல் கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டார். வண்டி போனது. பெரிய சாலையில் திரும்பியது. அவர் அப்படியே இருந்தார்.

"இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

"தாண்டியாச்சுண்ணே."

கண்ணைத் திறந்து திரும்பிப் பார்க்க முயன்றார். முடியவில்லை. நாத்தனார்தான் பின்கண்ணாடி வழியாகப் பார்த்து, ஆமாடா, அங்கே பின்னால் இருக்கிறது என்றார். பல்லக்கா கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுத்து, உடனே ஸ்டீயரிங்கில் வைத்துக்கொண்டார்.

வழியெல்லாம் பெயின்டர் ஜன்னலை விட்டு முகத்தை எடுக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி எது தெரிந்தாலும் கருத்துச் சொன்னார். இது சுண்ணாம்பு மேலேயே அடித்தது, உரியாமல் என்ன செய்யும். இது யாரோ இடது கைக்காரன் அடித்தது. அந்தப் புகைபோக்கியின் சிவப்புப் பட்டை ஒரு முழம் தவறிவிட்டது, கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது, மேலே தொங்குகிறவனுக்குத் தெரிந்திருக்கும். வலி இல்லாமல் இல்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தித் தலையணையை மாற்றினோம். ஆனால் சத்தம் போடவில்லை. பாதி வழியில் நாத்தனார் தூங்கிவிட்டார். அந்தச் சீட்டில் உட்கார்ந்தால் யாருக்கும் தூக்கம் வரும்.

டாக்டர் வயசு குறைந்த பெண்மணி. பழைய படம், அன்று எடுத்த புதுப் படம் இரண்டையும் வெளிச்சத்தில் மாட்டி, அவசரப்படாமல் காட்டினார். பல்லக்கா படத்துக்குக் கிட்டே போய், இங்கே வெள்ளையாகச் சேர்ந்திருப்பது எலும்பா வேறெதாவதா என்று கேட்டார். எலும்புதான், உடம்பு தானாகவே ஒட்டவைத்துக்கொண்டது, கொஞ்சம் கோணலாக ஒட்டியிருக்கிறது என்றார் டாக்டர். அதைப் பிரித்து மறுபடி சேர்த்தால் இருக்கிற நடையும் போய்விடலாம். ஆபரேஷன் வேண்டாம். வலி வரும், போகும். ஆனால் படுத்தே இருந்ததால்தான் பாதி வலி. தினமும் எழுந்திருக்க வேண்டும், பட்டை கட்டி நடக்க வேண்டும், உட்கார வேண்டும், வெளியே போக வேண்டும்.

"மேல ஏறலாமா?" என்று பெயின்டர் கேட்டார்.

"ஏணியா?"

"ரெண்டாள் உயரம். அதுக்கு மேல வேணாம்."

டாக்டர் அவரையே பார்த்து, ஸ்டூல்கூட வேண்டாம் என்றார்.

வெளியே வரும்போது நாத்தனார் அழுதார். ஆபரேஷன் முடிந்து தம்பி பழையபடி எழுந்து வந்துவிடுவான் என்று அவர் நம்பியிருந்தார். அந்த மாற்றுத்துணிப் பையை இன்னும் கையிலேயே வைத்திருந்தார். பல்லக்கா வாங்கி வந்த இடுப்புப் பட்டையைக் கணவருக்குக் கட்டிவிட்டார். எவ்வளவு இறுக்க வேண்டும் என்று ஒவ்வொரு துளையாகக் கேட்டார். அவர் ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார். வண்டிக்குள் ஏறிய பிறகு நான் கொண்டுபோன பன்னைக் கொடுத்தேன். எல்லோரும் சாப்பிட்டோம். அவரும் சாப்பிட்டார், சாலையைப் பார்த்துக்கொண்டே.

நாங்கள் காலையில் வந்த சாலை ஓரிடத்தில் இன்னொரு சாலையோடு சேர்கிறது. வீட்டுக்கு இடது பக்கம் திரும்ப வேண்டும். பல்லக்கா இண்டிகேட்டர் போட்டார். டக் டக்கென்று அது அடித்துக்கொண்டிருந்தது.

"நேரா போனா என்ன வரும்?" என்று பின்னாலிருந்து பெயின்டர் கேட்டார்.

தெரியாது என்றார் பல்லக்கா. என்னைப் பார்த்தார். எனக்கும் தெரியாது.

"விளக்கு ஏதாவது எரியுதா?"

"எதுவும் எரியல."

"அப்ப போயேன். பாக்கலாம்."

நாத்தனார், இருக்கிற வலி போதாதா, பொழுது சாய்வதற்குள் வீடு போக வேண்டாமா என்றார். பல்லக்கா இண்டிகேட்டரை அணைத்தார். கொஞ்ச தூரத்தில் தார் முடிந்து மண் சாலை ஆனது. வண்டி முதல் கியருக்கு வந்து, பள்ளங்களை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு ஊர்ந்தது. இருபுறமும் முள்வேலி. வேறு எந்த வண்டியும் இல்லை. கடைசியில் சாலை ஒரு செங்கல் சூளையில் போய் முடிந்தது. அதற்கு மேல் வழி இல்லை. மலைபோலச் சூளை, பக்கவாட்டில் வரிசை வரிசையாகக் காயும் பச்சைக் கற்கள், உச்சியில் லேசான புகை. வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கறுப்பு வண்டியைப் பார்த்ததும் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக் கையைக் கழுவிக்கொண்டு நின்றார்கள்.

பல்லக்கா எஞ்சினை அணைக்காமல், திருப்ப இடம் இருக்கிறதா என்று கண்ணாடியில் பார்த்தார். அதற்குள் பின்கதவு திறந்தது. பெயின்டர் ஒரு காலை வெளியே வைத்துவிட்டார். நான் ஓடிப்போய்த் தோளைக் கொடுத்தேன். வாசலைத் தாண்டாதவர், பட்டை கட்டிய இடுப்போடு, கதவைப் பிடித்துக்கொண்டு மண்ணில் நின்றார். முகம் வெளுத்து வியர்த்தது. கொஞ்ச நேரம் மூச்சை நிதானப்படுத்திக்கொண்டார்.

சூளைக்காரர் அருகே வந்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டார்.

"யாரையும் இல்ல. நான் பெயின்டர். ஆயுசு பூரா செங்கல் புகைபோக்கிக்குப் பெயின்ட் அடிச்சிருக்கேன். அந்தச் செங்கல் வேகறத பாத்ததில்ல," என்றார். "உள்ள நெருப்பு எந்தப் பக்கம் இருக்குன்னு வெளியிலருந்து எப்படிக் கண்டுபுடிப்பீங்க?"

சூளைக்காரர் ஒருகணம் எங்களைப் பார்த்தார். பிறகு அவர் முகம் மலர்ந்தது. புகையின் நிறத்தைக் காட்டினார். பக்கச்சுவரில் உள்ளங்கையை வைத்துக் காட்டினார். நீங்களும் தொட்டுப் பாருங்கள் என்றார். பெயின்டர் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடியாக, சூளையை நோக்கி நடந்தார். நாத்தனார் வேண்டாம்டா என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல், பின்னாலேயே வந்தார். அவர்கள் பேச்சு நின்றபாடில்லை. மேலே எதை வைத்து மூடுகிறீர்கள், மழை வந்தால் என்ன செய்வீர்கள், கருகினதை யார் வாங்குவார்கள்.

பின்னால் எஞ்சின் அணைகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். பல்லக்கா சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தார். அவருக்கும் ஏதோ கேட்க வேண்டியிருந்தது.